‘பரிசோதனை நடைபெறுகிறது’ என்று திரை சொன்னபோது

மருத்துவமனையில் நோயாளிகளின் உடனிருப்போர் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி நோயைப் பற்றியதன்று. “ரத்தம் எடுத்து இவ்வளவு நேரம் ஆச்சே, இன்னும் ரிசல்ட் வரலையா, டாக்டர்?” என்பதே அது. பல ஆண்டுகளாக இதற்கு நான் சொல்லிவந்த விடை, “கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, வந்துடும்” என்பது. மழை பெய்கிறது என்பதைப் போல, யார் கையிலும் இல்லாத ஒன்றைச் சொல்வதாகவே எண்ணிச் சொல்லிவந்தேன். அப்படிச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதை இந்தச் செய்திமடலின் வாசகர்களுக்கு விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், குடும்ப விசேஷம் ஒன்றுக்காக ஊருக்குச் சென்று ஒரு முறையைத் தவறவிட்டுவிட்டு, கால்கள் சோர்கின்றன என்று வந்து சேர்ந்தார். உடன் அவருடைய மகள் இருந்தார். (இதை எழுத இருவரும் இசைவு தந்துள்ளனர்.) மாலை 4:10-க்கு இரத்தம் எடுக்கப்பட்டது. நான் வார்டுக்கு வந்தபோது மணி 5:10. கணினித் திரையில் அவருடைய பொட்டாசியம் பரிசோதனைக்கு நேராக ‘நடைபெறுகிறது’ என்று இருந்தது. திரை மெதுவாகத்தான் திறந்தது. மூடித் திறந்து பார்த்தேன். மீண்டும் அதே சொல். வேறு இரு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதும் அதே சொல்.

மகள் செவிலியரிடம் சென்று, “சிஸ்டர், சாம்பிளை மேல அனுப்பினீங்களா, இல்லையா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டார். செவிலியர் அனுப்பியதாகச் சொன்னார். மகள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நொடியில் ஓர் ஐயம் எழுந்தது.

இறுதியில் பயிற்சி மருத்துவரை மாடிக்கு அனுப்பினேன். 5:35-க்கு அவர் ஒரு தாளில் எழுதிய எண்ணோடு ஓடிவந்தார்: 6.9. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையக்கூடும். சில வேளைகளில் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடும். உடனே ஈ.சி.ஜி. எடுத்தோம். அதில் டி அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன. கால்சியம் குளுக்கோனேட் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. அது சில நிமிடங்களில் இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைப்பதற்கு இன்சுலினும் குளுக்கோசும், பின்னர் டயாலிசிஸும். இரவு ஒன்பதுக்குள் அவர் அபாயத்தைக் கடந்தார். இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

நலமாக முடிந்த கதைதான். ஆனால் ஆய்வகம் அந்த முடிவை 5:05-க்கே உறுதிசெய்துவிட்டது. நான் வார்டுக்குள் நுழைவதற்கு ஐந்து நிமிடம் முன்னர். திரையை நம்பி நான் காத்திருந்த ஒவ்வொரு நிமிடமும், ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒரு செய்திக்காகக் காத்திருந்த நிமிடம்.

முதலில் என் பிழை. டயாலிசிஸைத் தவறவிட்டுத் தளர்ச்சியோடு வரும் ஒருவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க ஆய்வகமோ கணினியோ தேவையில்லை. அது படுக்கையருகே ஐந்து நிமிட வேலை. மாணவர்களுக்கு நான் கற்பிப்பதும் அதுவே. எனினும், சற்று நேரத்தில் எண் வந்துவிடும் என்று திரை சொல்லிக்கொண்டிருந்ததால் எண்ணுக்காக நின்றேன். மெதுவான கணினியின் தீங்கு இதுதான். அது இல்லையென்று சொல்வதில்லை, இதோ இதோ என்கிறது. முற்றிலும் செயலிழந்த கணினியை நாம் விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துவிடுவோம். மெதுவான கணினியின் முன்னால் நின்றுகொண்டே இருப்போம்.

அப்படியானால் ஆய்வகம் ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை? உயிருக்கு ஆபத்தான முடிவுகளை உடனடியாக மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வழக்கத்தை 1972-இல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஜார்ஜ் லுண்ட்பெர்க் எழுத்தில் முன்வைத்தார். இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. எங்கள் ஆய்வகத்தாரும் அழைத்திருக்கிறார்கள், இருமுறை. வார்டின் ஒரே தொலைபேசி ஓயாமல் பேச்சில் இருந்தது. யாரோடு பேச்சு? கணினித் துறையோடு. திரை மெதுவாக இருக்கிறது என்று எங்கள் செவிலியர்தான் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கணினித் துறைக்கு நானே சென்றேன். கோபத்தோடுதான் சென்றேன் என்பதை மறைக்கவில்லை. அங்குள்ள பொறியாளர், வயதில் என்னைவிட மிக இளையவர், என்னை உட்காரவைத்து நடந்ததைக் காட்டினார். ஆய்வகக் கருவியிலிருந்து முடிவுகளை வாங்கி வார்டுத் திரைக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு சிறிய நிரல். சர்வர் எனப்படும் மையக் கணினியின் பின்னணியில் அது ஓயாமல் ஓட வேண்டும். மருந்தகம், கட்டணம், எக்ஸ்ரே என்று அப்படிப் பதினான்கு சேவைகள் ஓடுகின்றன. முந்தைய மாலை முறையீடு வந்தவுடன் எந்தச் சேவை நின்றிருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாக நிலையைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் விடை வர ஏறத்தாழ 50 விநாடி. பதினான்குக்கு 12 நிமிடம். நோய் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே அவ்வளவு நேரம். சிகிச்சை, அதாவது சேவையை மீண்டும் தொடங்குவது, இரண்டு விநாடி வேலை.

“ஓடுதா, நிக்குதான்னு சொல்ல எதுக்கு ஐம்பது விநாடி?” என்று கேட்டேன்.

“சார், ஓடுதா நிக்குதான்னு உடனே தெரிஞ்சிடும். கூடவே கடைசிப் பத்து வரி லாக் காட்டுது பாருங்க, அதைத் தேடத்தான் இவ்வளவு நேரம்” என்றார். லாக் வேண்டாம், நிலையை மட்டும் காட்டு என்று கட்டளையை மாற்றிப் போட்டுக் காட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது. ஒரு மருத்துவனாக அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருந்தது. நோய் இருக்கும் இடத்தை ஒரே கேள்வியில் பிரித்துக் காட்டிவிட்டது.

லாக் என்பது கணினியின் நாட்குறிப்பு. எந்தச் சேவை எப்போது தொடங்கியது, எப்போது தடுமாறியது, எப்போது நின்றது என்பதையெல்லாம் அது நேரத்தோடு எழுதிவைக்கிறது. எங்கள் சர்வர் லினக்ஸில் இயங்குவது. சேவைகளை மேற்பார்ப்பது 2010-இல் தோன்றிய சிஸ்டம்டி என்னும் நிரல்தொகுப்பு. அதன் நாட்குறிப்பு ஒரே நீண்ட கோப்பன்று, பல கோப்புகளின் தொகுதி. இயல்பான ஏற்பாட்டில் அது வட்டின் பத்தில் ஒரு பங்கையோ 4 ஜி.பி.யையோ, எது குறைவோ அதைத் தாண்டாது. முன்பு பணியில் இருந்த எவரோ, எதையும் இழந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரம்புகளை உயர்த்தி வைத்திருக்கிறார். ஆண்டுகள் ஓடின. கோப்புகள் முந்நூறைத் தாண்டின. ஒரு சேவையின் கடைசிப் பத்து வரி வேண்டுமென்றால், அத்தனை கோப்புகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த நாட்குறிப்பு இருந்ததோ பழைய சுழலும் வன்தட்டில். அது நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கும், வேண்டிய இடம் சுழன்று முள்ளுக்குக் கீழே வருவதற்கும் சேர்த்து ஒருமுறைக்கு ஏறத்தாழ 12 மில்லி விநாடி. அதாவது விநாடிக்கு எண்பது இடங்களைத்தான் தொட முடியும். நாலாயிரம் இடங்களைத் தொட 50 விநாடி. கணக்கு அவ்வளவுதான், மர்மம் எதுவும் இல்லை. ஒரே சேவையை உடனே மறுமுறை கேட்டால் விடை விரைந்து வருமாம். படித்ததைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பதே காரணம். அதனால்தான் குறை சொல்லப்போகும்போதெல்லாம் ‘இப்போது சரியாகத்தானே இருக்கிறது’ என்று பதில் வந்திருக்கிறது. மருத்துவரைப் பார்த்ததும் வலி மறைந்துபோகும் நோயாளிகளை நானும் அறிவேன்.

“அப்ப பழைய லாக் எல்லாத்தையும் அழிச்சிடுங்க” என்றேன். அன்று நான் சொன்னவற்றில் மிகத் தவறானது அது.

அவர் ஒன்றும் பேசாமல் முந்தைய மாலையின் வரிகளைத் திரையில் காட்டினார். 4:48-க்கு ஆய்வகத் தளத்தில் மின்சாரம் மாறியபோது இணைப்புக் கருவி இரண்டு நிமிடம் அணைந்திருக்கிறது. கருவியோடு தொடர்பு அறுந்த சேவை தானே எழ முயன்று விழுந்திருக்கிறது. பத்து விநாடிக்குள் ஐந்து முறை எழுந்து விழுந்தால் மேலும் முயலாமல் நின்றுவிட வேண்டும் என்பது அந்த நிரலின் வழக்கமான ஏற்பாடு. அப்படியே நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பியபின் அதை எழுப்ப ஆளில்லை. அதற்கு மேலே இன்னொரு வரி: 4:25-க்கு அந்தப் பெரியவரின் இரத்தக்குழாய் ஆய்வகத்தில் பெறப்பட்டது.

செவிலியர் பொய் சொல்லவில்லை. சாம்பிள் உரிய நேரத்தில் போயிருக்கிறது. நாங்கள் ஐயுற்ற ஒருவரை விடுவித்தது அந்த நாட்குறிப்பு. அதைத்தான் நான் அழிக்கச் சொன்னேன்.

இதில் என் கருத்து இப்போது தெளிவாக இருக்கிறது. பதிவுகள் வேண்டும், ஆனால் அவை அன்றாட வேலையின் குறுக்கே கிடக்கக் கூடாது. அண்மைய மூன்று மாதப் பதிவு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். அதற்கு முந்தையவை தனி இடத்தில் பத்திரமாக இருக்கட்டும். மருத்துவர்களாகிய நாங்களும் இதே சிக்கலில் மாட்டியவர்கள்தாம். நாள்வாரியாக அடுக்கிய பருத்த கேஸ் ஷீட்டில் இன்றைக்கு வேண்டிய ஒன்றைத் தேடிக் களைத்துத்தான், 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், குறிப்புகளை நோயாளியின் சிக்கல் வாரியாக அடுக்கலாம் என்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். எழுதி வைப்பது மட்டும் போதாது, வேண்டியபோது கிடைக்க வேண்டும் என்பது அவர் கவலை. கணினி வந்தபின்னும் அந்தக் கவலை தீர்ந்தபாடில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். நான் மேலே சொன்னது இயந்திரத்தின் நாட்குறிப்பு. உங்கள் மருத்துவப் பதிவு அதுவன்று. உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. மின்னணுப் பதிவுகளுக்கென மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகளோ, யார் எப்போது அப்பதிவைப் பார்த்தார், மாற்றினார் என்ற தடமும் இருக்க வேண்டும் என்கின்றன. வேகம் வேண்டும் என்று எவரும் இவற்றில் கைவைக்கக் கூடாது. இயந்திரத்தின் நாட்குறிப்பை ஒதுக்கிவைக்கும்போது இவையும் சேர்ந்து போய்விடாமல் பார்ப்பது கணினித் துறையின் வேலை மட்டுமன்று, எங்களுடையதும்கூட.

அடுத்து, நிர்வாகத்தோடு எனக்கு இருக்கும் ஒரு கருத்து வேறுபாடு. மின்தூக்கி நின்றால் பத்து நிமிடத்தில் ஆள் வருகிறார். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தால் மணி அடிக்கிறது. திரை மெதுவானால் மட்டும் அது ‘வசதிக் குறைவு’ என்ற தலைப்பில் வாரக் கூட்டத்துக்குப் போகிறது. கணினி எவ்வளவு நேரத்துக்குள் விடை தர வேண்டும் என்பது புதிய கேள்வியன்று. ராபர்ட் மில்லர் 1968-இலேயே அதை ஆராய்ந்து எழுதினார். ஒரு விநாடிக்குள் விடை வந்தால் சிந்தனை அறுவதில்லை, பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்ற அளவுகளை 1993-இல் ஜேக்கப் நீல்சன் பரவலாக அறியச் செய்தார். இருபது படுக்கைகள் உள்ள வார்டில் கவனம் வேறு பக்கம் போவதன் பொருள் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்து விநாடிக்கு மேல் ஒரு திரை திறக்க மறுத்தால், அது ஆக்சிஜன் மணியைப் போலவே கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பது என் வாதம். செலவைச் சொல்லி மறுக்கிறார்கள். செலவு உண்டுதான். ஆனால் அன்று எங்களை நிறுத்திவைத்தது மிகப் பழைய ஒரு தட்டும், யாரும் திருப்பிப் பார்க்காத ஓர் அமைப்பும். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

திரையில் வரும் சொல்லையும் மாற்றக் கேட்டிருக்கிறேன். ‘நடைபெறுகிறது’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஆய்வகம் இன்னும் முடிக்கவில்லை என்பது ஒன்று. முடித்துவிட்டது, செய்திதான் இங்கு வந்து சேரவில்லை என்பது மற்றொன்று. வார்டில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆய்வகத்திலிருந்து கடைசியாகச் செய்தி வந்த நேரம் அதே திரையின் மூலையில் இருந்திருந்தால், 5:10-க்கே ‘கடைசிச் செய்தி 4:47’ என்று கண்டிருப்பேன். நேரம் குறிக்காத காய்ச்சல் அட்டையை எந்தச் செவிலியரும் ஏற்கமாட்டார். நேரம் குறிக்காத திரையை மட்டும் நாமெல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

உடனிருப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘ரிசல்ட் வந்துவிட்டதா?’ என்று கேட்டால், திரையைப் பார்த்து ‘இல்லை’ என்றே விடை வரும். ‘ஆய்வகத்தில் முடிந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி எங்களைத் தொலைபேசியை எடுக்க வைக்கும். இரத்தம் எடுத்த நேரத்தை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப் பரிசோதனை என்று சொல்லி எடுத்த இரத்தத்துக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் விடை இல்லையெனில், தயங்காமல் கேளுங்கள். தொந்தரவு என்று எண்ண வேண்டாம். காத்திருக்கும்போது மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ தளர்ச்சியோ கூடினால் முடிவுக்காகக் காத்திருக்கவே வேண்டாம், உடனே அழையுங்கள். டயாலிசிஸ், சர்க்கரை, இதய நோய் போன்ற நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போர் பழைய முடிவுகளின் நகலைத் தம்மிடமே வைத்திருப்பது நல்லது. எந்தச் சர்வரும் நிற்காத நாளில்கூட, உங்கள் கையிலுள்ள கோப்புதான் எங்கள் திரையைவிட முன்னால் திறக்கிறது.

செவிலியரிடம் கோபிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே இருட்டில்தான் நிற்கிறோம். அன்றைய மகள், தந்தையை அழைத்துச் செல்லும் நாளில் அந்தச் செவிலியரைத் தேடிப் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் அவரிடம் தனியே சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “பரவாயில்லை சார், எங்களுக்கு இது பழக்கம்தான்” என்றார். அந்தப் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது.

இப்போதைய நிலை இது. பழைய நாட்குறிப்புகள் தனி இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. சேவைகளின் நிலையைக் கேட்டால் இரண்டு விநாடிக்குள் விடை வருகிறது. நின்றுபோன சேவை, சற்று இடைவெளி விட்டுத் தானே மீண்டும் முயலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சுழலாத புதுவகை வட்டு வாங்க ஒப்புதல் கிடைத்துள்ளது. வட்டு இன்னும் வரவில்லை. திரையின் மூலையில் நேரம் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை மென்பொருள் தந்தவரிடம் நிலுவையில் இருக்கிறது. ஆய்வகம் மட்டுமே அழைப்பதற்கென்று வார்டில் இரண்டாவது தொலைபேசி வந்துவிட்டது. கண்ணில் படும்படி சிவப்பு நிறத்தில் வேண்டும் என்று செவிலியர்கள் கேட்டார்கள். வந்தது கறுப்பு. அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். வார்டுக்கு வரும்போது தயவுசெய்து அதை எடுத்துப் பேசிவிடாதீர்கள்.